பூட்டுத் தம்பியின் கடைவாய்ப்பல்

"அண்ணி, நாளைக்கு என்கூட பல் டாக்டர்கிட்ட வர முடியுமா?" என்று என் கொழுந்தனார் போனில் கேட்டபோது, இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. என் வீட்டுக்காரர் இறந்ததற்குப் பிறகு என் வீட்டு வாசல் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனிதர். போன் வந்தாலும் ஏதாவது சாவி, ஏதாவது கையெழுத்து விஷயமாகத்தான் இருக்கும். எப்படி இருக்கீங்க என்று கேட்க மறந்துவிட்டு வைத்துவிடுவார்.

"ஏன், உங்க வீட்ல வரலையா?"

"அவ ரத்தத்தைப் பார்த்தா மயங்கி விழுந்துடுவா. அப்புறம் டாக்டர் என்னை விட்டுட்டு அவளைப் பார்க்க வேண்டியதாயிடும்."

"நான் வந்து என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும்."

சும்மா பார்ப்பதற்கு ஆள் கூப்பிடுகிற ரகம் இல்லை அவர். குடும்பத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர்தான். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மாடிப்படி இறங்கி, பாதியில் நின்று, மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்க்கிற தம்பிக்கு வேறென்ன பெயர் வைப்பார் அண்ணன்?

வேலையும் குணத்துக்கு ஏற்ற வேலைதான். துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் வந்து இறங்கும் சரக்குப் பெட்டிகளின் 'சீல்' முத்திரையைச் சோதிப்பது. எண்ணைப் பார்ப்பார். ஆட்டிப் பார்ப்பார். பிறகு தன் கையாலேயே சீலை வெட்டி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே மூக்கை நீட்டி மோந்து பார்ப்பார். ஈரமோ எலியோ பூச்சி மருந்தோ, கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. வேறு யாராவது வெட்டிய சீல் அவரைப் பொறுத்தவரை சீலே கிடையாது.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. பஸ் நிலையத்தில் தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்டரில் என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் குடையைத் தன் குடை என்று வருகிறவரை வரும்போதே பிடித்துவிடுவேன். அவர் என் தோளுக்குப் பின்னாலிருக்கும் அலமாரியை எட்டி எட்டிப் பார்ப்பார். நிஜமாகவே தொலைத்தவர் அலமாரியைப் பார்க்கமாட்டார். என் முகத்தைத்தான் பார்ப்பார், இருக்கிறது என்று சொல்லிவிடமாட்டேனா என்று. அதனால் கொழுந்தனார் கூப்பிட்டதும் எனக்கு மூக்கில் வேர்த்தது. இவர் எந்தக் குடையைக் கேட்டு வருகிறார்?

எங்களுக்குள் விழுந்த விரிசலைச் சொல்லாமல் இது புரியாது. என் வீட்டுக்காரர் நீச்சல் குளத்தில் பயிற்சி தருகிறவர். குளித்துவிட்டு வந்தாலும் அவர் மேல் அந்தக் குளத்து மருந்து வாசனை போகாது. ஆரோக்கியமான மனிதர், காலையில் விசிலும் கையுமாகப் போனவர், குளத்தங்கரையில் சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "நான் போனா உபயோகப்படுறதை எல்லாம் எடுத்துக்கட்டும். போற இடத்துக்கு என்ன, பெட்டி கட்டிக்கிட்டா போகப்போறேன்?" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அதனால் எலும்பு வங்கியிலிருந்து வந்தவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, சரி என்றேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எங்க கொண்டுபோறாங்கன்னு கேட்டீங்களா, அண்ணி?"

நான் கேட்கவில்லை. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அதற்கப்புறம், 'புருஷனைக் கூறு போட்டுக் கொடுத்துட்டா' என்று ஒரு பேச்சு சுற்றிச் சுற்றி என் காதுக்கு வந்தது. யார் வாயிலிருந்து கிளம்பியது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்தப் பேச்சைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வேறொன்றுதான் என்னை அரித்தது. எடுத்துப் போனவர்கள் 'பலருக்கு உதவும்' என்றார்கள். உதவியது என்று வந்து சொல்ல யாரும் இல்லை. யாருக்காவது போய்ச் சேர்ந்ததா, இல்லை ஏதோ ஓர் அறையில் கிடந்து வீணாகிவிட்டதா? தவறவிட்ட சீப்புக்குக்கூட என்ன ஆயிற்று என்று எங்கள் கவுன்டரில் பதில் உண்டு. என் மனிதருக்கு இல்லை. வாய்விட்டு யாரிடமும் இதைக் கேட்டதில்லை. கேட்டால், நான் செய்தது தப்போ என்று நானே சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்.

இந்த மனநிலையோடுதான் பல் டாக்டர் அறையில் கொழுந்தனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். திரையில் கொழுந்தனாரின் தாடை சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஒரு கடைவாய்ப்பல் இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம்.

"பல்லைப் பிடுங்கிட்டு ரொம்ப காலம் வெறுமனே விட்டுட்டீங்க. அங்க எலும்புக்கு வேலை இல்லாம கரைஞ்சுபோயிடுச்சு. இதுல புதுப் பல்லுக்கான திருகாணியை இறக்கினா, மண்சுவர்ல ஆணி அடிக்கிற மாதிரிதான். நிக்காது."

"அப்ப?"

"முதல்ல பள்ளத்தை எலும்புத் தூளால நிரப்பித் தைக்கணும். சில மாசத்துல அது பிடிச்சு உங்க எலும்பாவே ஆயிடும். அப்புறம் திருகாணி. அதுக்கு மேல பல்."

"எந்த எலும்பு?"

"உங்க தாடையிலேயே வேற இடத்துல கொஞ்சம் எடுக்கலாம், ஆனா ரெண்டு இடத்துல காயம். செயற்கைத் தூள் இருக்கு. இல்லைன்னா, இறந்தவங்க தானமாக் கொடுத்த எலும்பு. கிருமி நீக்கி, உலர்த்தி, சீல் வெச்ச பாட்டில்ல வரும். உங்களுக்கு அதுதான் சரியா இருக்கும்னு நினைக்கிறேன்."

எலும்பு என்றால் உடைந்த காலுக்கு, முதுகுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பல்லுக்குமா? கொழுந்தனாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இவருக்கு இது முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் என்னைக் கூட்டி வந்திருக்கிறார்.

"யாரோட எலும்பு?" என்றார்.

"அது எங்களுக்கே தெரியாதுங்க. ஒரு எண் மட்டும்தான் இருக்கும்."

"பேர் தெரியாத சரக்கு."

அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கவேண்டும். சரக்காம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் விடவில்லை. யார் எடுக்கிறார்கள், நடுவில் எங்கே வைக்கிறார்கள், யார் கொண்டுவருகிறார்கள் என்று கிடங்கு வாசலில் லாரிக்காரரை நிறுத்திக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே போனார். டாக்டரும் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒரு பாட்டில்ல மிச்சமானா?"

"இன்னொருத்தருக்குப் போடமாட்டோம். அழிச்சிடுவோம்."

"தேதி தாண்டிட்டா?"

"அதுவும் அப்படித்தான்."

"ஆக, குப்பைக்கும் போகுது" என்றார் கொழுந்தனார். சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். என்னைக் குத்திக்காட்டத்தான் இத்தனை நாடகம் என்று அப்போது எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

வெளியே வந்ததும், "உங்களுக்குச் செயற்கைத் தூளே போதுமே, தம்பி. பேர் தெரியாததை ஏன் வாய்க்குள்ள விட்டுக்கிறீங்க?" என்றேன். எனக்கும் நாக்கு உண்டு.

அவர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். "இல்ல, எலும்பே போட்டுக்கிறேன். அன்னைக்கும் நீங்க வரணும் அண்ணி. நான் வாயைப் பிளந்துக்கிட்டுப் படுத்துட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. பாட்டில்ல இருக்கிறது நிஜமாவே உள்ள போகுதான்னு நீங்கதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்."

"நான் எதுக்கு?"

"நீங்க பார்த்தாத்தான் எனக்குத் திருப்தி."

என் காதில் பூச் சுற்றுகிறார் என்று நினைத்தேன். ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்து, பார்த்தீங்களா, இதுக்குத்தான் எங்க அண்ணனைக் கொடுத்தீங்களா என்று கேட்கப்போகிறார். கேட்கட்டும், அன்றைக்கு வராந்தாவில் வராத பதில் இன்றைக்கு வரும் என்று வீம்பாகத்தான் ஒப்புக்கொண்டேன். வீம்புக்கு அடியில் இன்னொரு ஆசையும் இருந்தது. யாரோ ஒருவர் கொடுத்தது யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்வதை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டால், என் மனிதரும் இப்படித்தான் எங்கேயோ சேர்ந்திருப்பார் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த நாளில் என்னையும் தொப்பி மாட்டி, முகத்தை மூடி, மூலையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். கொழுந்தனார் சாய்வு நாற்காலியில், நெஞ்சில் பச்சைத் துணியோடு, கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தார். ஈறில் ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகக் கொஞ்சம் நேரம் ஆகும் என்றார் டாக்டர்.

"பாட்டிலைக் காட்டுங்க" என்றார் கொழுந்தனார். பாதி வாய்தான் அசைந்தது.

உதவிக்கு இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள். தடித்த உறைக்குள் உறை, அதற்குள் கட்டைவிரல் அளவுக்குக் கண்ணாடிக் குப்பி. அடியில் வெளுப்பாக, கரடுமுரடான உப்பைப்போல ஏதோ. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். உறையின் ஓரங்களை நகத்தால் தடவினார்.

"திருப்திதானே? பக்கத்து மேடையில வெச்சிடுங்க. கை கழுவிட்டு வந்து நாங்க பிரிக்கிறோம்" என்றார் டாக்டர். டாக்டர் கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார். அந்தப் பெண் விளக்கின் கைப்பிடிக்குப் போடுகிற உறை எடுக்க அடுத்த அறைக்குப் போனாள்.

நான் எனக்கு இட்ட வேலையைச் செய்தேன். கண்கொத்திப் பாம்பாக டாக்டரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை நுரை. நகக்கண் ஒவ்வொன்றையும் தேய்த்தார். இதில் என்ன குறை கண்டுபிடிப்பார் பூட்டு, பார்த்துவிடலாம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தபோது பின்னால் சரக்கென்று உறை கிழிகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் டக்கென்று இன்னொரு சத்தம்.

கொழுந்தனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கிழிந்த உறைகள். வெறும் கையில் திறந்த குப்பி. அதற்குள் மூக்கை வைத்து மோந்துகொண்டிருந்தார்.

"ஐயோ, என்ன சார் பண்றீங்க!" என்று அந்தப் பெண் கதவருகிலிருந்தே கத்தினாள்.

டாக்டர் ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்து நின்றார். கத்தவில்லை. முகம் மட்டும் வெளிறிவிட்டது. "கீழே வெச்சிடுங்க. இனிமே அதை உபயோகிக்க முடியாது."

"நான் ஷீல்தான் வெட்டிப் பார்த்தேன். நான் வெட்டினாத்தானே ஷோதனை?" என்றார், மரத்த நாக்கோடு. "உள்ள ஒண்ணும் கொட்டலை. அப்படியே இருக்கு, பாருங்க."

"உங்க கிடங்குல அது சரி. இங்க நீங்க திறந்த நிமிஷமே அது போச்சு. உங்க மூச்சு, உங்க கை, எல்லாம் பட்டாச்சு. இதை உங்க தாடையில வெச்சுத் தைச்சா சீழ் பிடிக்கும்."

"அப்ப இது?"

அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு குப்பியை அவர் விரல்களிலிருந்து வாங்கி, மூலையிலிருந்த மூடி போட்ட தொட்டியின் மிதியை அழுத்தினாள். மூடி திறந்தது, மூடியது. உள்ளே விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

முக்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். மரத்துப்போன கன்னம், உறைக்காது என்றுதான் விட்டேன்.

"அது ஒரு மனுஷன், தம்பி!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "யாரோ ஒருத்தி, புருஷனோ பிள்ளையோ செத்த வீட்ல, நெஞ்சைக் கல்லாக்கிக்கிட்டுச் சரின்னு சொல்லிக் கொடுத்தது. வெட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, குப்பையில போட்டுட்டீங்களே! இதுக்கா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? உங்க அண்ணனையும் இப்படித்தான் எவனாவது ஒரு பூட்டு திறந்து பார்த்துக் கொட்டியிருப்பானா?"

கொழுந்தனாரின் முகத்தில் ஈயாடவில்லை. நிமிர்ந்த முதுகு அப்படியே மெல்லச் சரிந்தது.

"அதைத்தான் அண்ணி பார்க்க வந்தேன்" என்றார்.

"எதை?"

"போய்ச் சேருதான்னு." கோணிய வாயை நேராக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னைக்கு வராந்தாவுல கேட்டேனே, எங்க கொண்டுபோறாங்கன்னு. நீங்க பதில் சொல்லலை. என்மேல கோவமோன்னு அப்புறம் கேக்கவும் பயமா இருந்தது. அண்ணனை எங்கயாவது கிடங்குல போட்டு மறந்துட்டாங்களோன்னு… நான் பார்க்காத கிடங்கா அண்ணி? எவ்வளவு சரக்கு தேதி தாண்டிக் குப்பைக்குப் போகுது. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. இங்க எலும்பு வெக்கிறாங்கன்னு தெரிஞ்சதும், ஒரு பாட்டிலாவது சேருதான்னு கண்ணால பார்த்துடலாம்னு வந்தேன். தனியாப் பார்க்க தைரியம் இல்ல. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

கேட்ட கேள்வி கேள்விதான். நான்தான் அதைக் குத்தலாக வாங்கி இத்தனை காலம் நெஞ்சில் செருகி வைத்திருந்திருக்கிறேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். எங்கள் கவுன்டரில் வந்து நிற்கிற அந்த முகம். எனக்குத் தெரியாதா அது?

"என்ன வாசனை வந்தது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்ல அண்ணி. குளத்து மருந்து வாசனை அடிக்குமோன்னு…" அதற்குமேல் அவரால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, முகம் இளகியது. ஆனால் சந்தேகம் போகவில்லை, இப்போது சந்தேகப்படுவது அவர் முறை. "செயற்கைத் தூள் தயாரா இருக்கு, அதை வெச்சிடலாம். அலமாரியில இன்னொரு எலும்புப் பாட்டிலும் இருக்கு. ஆனா சாரை நம்பி எடுக்க எனக்குப் பயமா இருக்கு."

கொழுந்தனார் மடியிலிருந்த கிழிந்த உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்துவிட்டார்போல.

"எடுங்க டாக்டர்" என்றேன் நான். "கையை நான் பார்த்துக்கிறேன்."

அண்ணி, கொழுந்தன் என்று இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் தொட்டதில்லை. நாற்காலியின் இந்தப் பக்கம் வந்து, பச்சைத் துணிக்கு அடியில் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தேன். சில்லிட்டிருந்தன. திருடனைப் பிடிப்பதுபோல இறுக்கித்தான் பிடித்தேன், சும்மா சொல்லக்கூடாது.

டாக்டர் மறுபடி கை கழுவி வந்து ஈறைக் கீறித் திறந்தார். இந்த முறை உறையை அந்தப் பெண் பிரித்தாள். குப்பியை டாக்டர் திறந்தார். கொழுந்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வெளுப்பான தூள் ஒரு சின்னக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் ரத்தத்திலேயே கொஞ்சம் எடுத்து அதில் குழைத்தார்கள். வெள்ளை மெல்லச் சிவந்தது. டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பள்ளத்தில் வைத்து, அழுத்தி, மேலே மெல்லிய தாள்போல ஒன்றைப் போர்த்தி, ஈறை இழுத்துத் தைத்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். எதுவும் மிச்சமில்லை.

யார் என்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, எந்தத் தெரு, யார் அழுதார்கள், ஒன்றும் தெரியாது. இங்கே சேர்ந்துவிட்டீர்கள் என்று மட்டும் மனதுக்குள் அவருக்குச் சொன்னேன். தொட்டியில் விழுந்த இன்னொருவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா. நீங்க கையை விட்டுடலாம்" என்றாள் அந்தப் பெண்.

நான் விடவில்லை. கொழுந்தனார் கண்ணைத் திறந்தார். வாயில் திணித்த பஞ்சோடு எதையோ கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை, குனிந்து, "வலிக்குதா?" என்றார். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, என்னைப் பார்த்து மறுபடி கேட்டார்.

"ஷேந்துடுச்சா, அண்ணி?"

"சேர்ந்துடுச்சு தம்பி" என்றேன். "என் கண்ணால பார்த்தேன்."